ஏட்டிலிருந்து எழுந்த புயல்கள்

பாரமானி தோன்றாத காலத்து வீசிய ஒரு புயலை, நானூறு ஆண்டுகளுக்குப் பின் தேசப்படத்திற் குறித்தல் கூடுமோ? கூடும் என்று காட்டியவர் ஹியூபேட் லாம் (1913–1997) என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானமும் பின்னர்ப் புவியியலும் கற்று, 1936இல் பிரித்தானிய வானிலைத் திணைக்களத்திற் சேர்ந்தார். நச்சுவாயு பரவுதலை ஆராயும் போர்ப்பணி தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதென மறுத்தமையால் அயர்லாந்தின் வானிலைச் சேவைக்கு மாற்றப்பட்டார். போரின் பின்னர், 1946–47இல், திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் அந்தாட்டிக் கடலுக்குச் சென்று வானிலை எதிர்வு கூறினார். மேசையிலிருந்து மட்டும் புயலை அறிந்தவரல்லர்.

ஓரிடத்துக் காலநிலை பெரிதும் மாறாதது, சில பத்தாண்டுச் சராசரியே அதனை அறியப் போதும் என்பது அவர் கற்ற காலத்துக் கொள்கை. பழைய பதிவேடுகளைப் புரட்டப் புரட்ட, அதனை அவர் ஏற்க இயலாதவராயினார்.

அவரது முறையை 1588ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றாற் காண்போம். இங்கிலாந்தைக் கைப்பற்ற ஏறக்குறைய 130 கப்பல்களுடன் வந்த ஸ்பானியர், தோல்வியுற்று ஸ்கொட்லாந்தை வடக்கே சுற்றித் திரும்புகையில், இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை அயர்லாந்துக் கரையில் இழந்தனர். மாலுமிகள் காற்றின் திசையை அவ்வப்போது குறித்து வைத்தனர். டென்மார்க்கில், வானநூலறிஞர் தைக்கோ பிராகேயின் தீவு மனையிலும் நாடோறும் வானிலைக் குறிப்பு எழுதப்பட்டது.

திசையை மட்டும் கொண்டு யாது செய்வது? வடவரைக்கோளத்திற் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவனுக்குத் தாழமுக்கம் இடப்புறத்தே அமையும் என்பது விதி. ஒரே நாளிற் பல இடங்களில் வீசிய காற்றின் திசை தெரியின், தாழமுக்க மையம் இருந்த இடத்தை ஒருவாறு குறிக்கலாம். மறுநாட் குறிப்போடு ஒப்பிட்டால், அது நகர்ந்த வேகமும் புலப்படும்.

இங்கே ஓர் இடர் உண்டு. ஸ்பானியர் 1582இல் வந்த புதிய நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தனர். ஆங்கிலேயரும் டேனியரும் பழையதையே வழங்கினர். இரண்டிற்கும் இடையே பத்து நாள் வேற்றுமை. அதனை மறந்தவனுக்கு ஒரு புயல் இரண்டாகிவிடும். சரித்திரம் தமக்கு எதற்கென்று கேட்கும் விஞ்ஞான வகுப்பு மாணவர் இதனைக் கவனிப்பாராக.

லாமும் உடனாய்வாளரும் 1978இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வாண்டுத் தாழமுக்கங்கள் சில, இக்காலத்து அதே பருவத்தின் உச்ச வேகத்தை எட்டின. காரணம் யாது? வடதுருவக் குளிர்நீர் ஐஸ்லாந்தை நோக்கித் தெற்கே பரவ, வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே வெப்பநிலை வேற்றுமை மிகுந்தது. அவ்வேற்றுமையே அப்பகுதிப் புயல்களுக்கு வலுவூட்டுவது என்பது லாமின் விளக்கம். குளிர்ந்த காலம் அமைதியான காலமாதல் வேண்டும் என்னும் எண்ணம் இதனால் தகர்ந்தது.

1972இல் நொறிச் நகரில், கிழக்கு அங்கிலியாச் சர்வகலாசாலையிற் காலநிலை ஆராய்ச்சிப் பிரிவை நிறுவி, 1978 வரை அதன் பணிப்பாளராயிருந்தார். வடகடற் புயல்களைத் தொகுத்த அவரது பெருநூல் 1991இல் வெளிவந்தது. 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலும் அதில் இடம்பெற்றது. எடிஸ்ரன் வெளிச்சவீட்டையும் அதனைக் கட்டியவரையும் ஒருங்கே கடல் கொண்டது அப்புயலிலேதான். அதன் சான்றுகளுள் ஒன்று, எழுத்தாளர் டானியல் டிபோ பல ஊர்களிலிருந்தும் கேட்டுப் பெற்ற கடிதங்கள். புயலை நேரிற் கண்டவர்கள் எழுதியவை.