திராட்சைத் தோட்டத்துக்கு வானிலையும் விலையும் ஒரே தாளில்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் விவசாயப் பெருமக்களுக்கு வானிலைச் செய்தியும் சந்தை விலையும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் வானிலை ஓரிடத்தில், விலை வேறோரிடத்தில், கவாத்து செய்த தேதியோ வீட்டு நாட்காட்டியில். மூன்றையும் ஒருசேரப் பார்த்தால்தான் மருந்து இன்று அடிப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று முடிவு செய்ய இயலும்.

பல இடங்களில் உள்ள தகவல்களை இணையத்தின் வழியே தாமாக வரவழைத்து ஒரே பக்கத்தில் சேர்ப்பதை மேஷ்-அப் என்கிறார்கள். கதம்பம் என்றால் நமக்கு எளிதில் விளங்கும். 2005-ல் அமெரிக்காவில் ஒருவர் வீட்டு விளம்பரங்களைக் கூகுள் வரைபடத்தின்மீது பொருத்திக் காட்டியபின் இம்முறை பிரபலமாயிற்று. 2015 சென்னை வெள்ளத்தின்போது நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்த இணைய வரைபடமும் இவ்வகையே.

திராட்சைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அடிச்சாம்பல் நோயை எண்ணிப் பாருங்கள். இரவில் காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் சில மணி நேரம் நீடித்தால் இலையின் அடியில் பூசண வித்துகள் உண்டாகின்றன. இலை நனைந்திருந்தால் அவை தொற்றிக்கொள்ளும். பிஞ்சுக் கொத்தும் தப்பாது. போர்டோக் கலவை நோய் வருமுன் காக்கும். உள்ளே புகுந்துவிட்ட பூசணத்தை ஒன்றும் செய்யாது. எனவே ஈரம் வருவதை முன்னதாகவே அறிய வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் ஒரு தாளைத் திறந்து, முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் கவாத்துக்குப்பின் எத்தனையாவது நாள் என்று அமைக்கவும். கவாத்துத் தேதியைக் கழித்தால் அது தானே வரும். மூன்றாவது, நான்காவது பத்திகளில் மழையும் ஈரப்பதமும். ஓப்பன்-மீட்டியோ என்னும் சேவை இவற்றை மணிவாரியாகத் தருகிறது. வணிகமல்லாத உபயோகத்துக்குக் கட்டணமில்லை. அதன் முகவரியை 'இம்போர்ட்டேட்டா' என்ற கட்டளைக்குள் எழுதினால் எண்கள் தாளில் வந்து விழும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் அமைத்துத் தருவார்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயிக்காக முதல் தாளைத் தயாரித்தபோது, இடத்தின் பெயராகக் 'கம்பம்' என்று ஆங்கிலத்தில் தட்டி, பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்துவிட்டேன். சாரல் பருவம். தாள் நான்கு நாள் வறட்சி என்றது. அவர் என்னை நம்பித் தெளிப்பைத் தள்ளிப்போட்டார். மூன்று இரவும் பந்தல் சொட்டச் சொட்ட நனைந்தது. பிஞ்சுக் கொத்துகளில் நோய் கண்டது. பிறகுதான் பார்த்தேன்: தாளில் இருந்தது ஆந்திர மாநிலத்துக் கம்பம்! பழைய ஏரிக்குப் பெயர்பெற்ற அவ்வூர் இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. "ஊர் பேரு ஒண்ணா இருந்தா மழையும் ஒண்ணாவா பெய்யும், ஐயா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

ஆகவே ஊர்ப்பெயரை நம்ப வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுக்கவும். நமது கம்பத்துக்கு வடக்கு 9.7, கிழக்கு 77.3 பாகை. கைப்பேசி வரைபடத்தில் உங்கள் தோட்டத்தை விரலால் அழுத்தினால் இன்னும் துல்லியமான எண் கிடைக்கும்.

நேரத்திலும் கவனம் வேண்டும். இத்தகைய சேவைகள் கிரீன்விச் நேரத்தில் கணக்கிடலாம். அது நமக்கு 5½ மணி நேரம் பின்தங்கியது. இந்திய நேரம் என்று குறிப்பிடாவிட்டால் ஒரு நாளின் மழை வேறு நாளில் பதிவாகும்.

விலைக்கு மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் பதிவு செய்து இலவசச் சாவி எண் பெறலாம். அங்குள்ள அக்மார்க்நெட் விலை குவிண்டாலுக்கு; நம் வியாபாரி பேசுவது கிலோவுக்கு. நூறால் வகுத்தபின்பே ஒப்பிடவும். அதுவும் சந்தை விலையே, தோட்டத்து விலையன்று. பேரம் பேசுமுன் போக்கை அறிய உதவும், அவ்வளவுதான்.

மற்றொன்று. பள்ளத்தாக்கின் அடி சுமார் 400 மீட்டர் உயரம். பக்கத்தில் மேகமலை 1,000 மீட்டருக்கு மேல் எழுகிறது. கணினி முன்னறிவிப்பு சில கிலோமீட்டர் பரப்பை ஒரே கட்டமாகக் கொள்வதால், மலையில் பெய்யும் மழையைத் தோட்டத்துக்குக் காட்டிவிடக்கூடும். இதற்குச் சொந்த மழைமானியே மருந்து. தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து ஐந்தாவது பத்தியில் எழுதி வரவும்; அது முந்தைய 24 மணி நேரத்து மழை என்பதை நினைவில் கொள்ளவும். ஒரு கவாத்துப் பருவம் முழுதும் எழுதினால் முன்னறிவிப்பு உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரிந்துவிடும். அதுவரை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் பார்த்து, இரண்டும் முரண்பட்டால் தெளிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.