வீடு கட்ட அரசு உதவி: வட்டி இல்லாத வழியும் உண்டு

“பிரதமர் வீடு திட்டமா? பேங்க் லோன்தானே, வட்டி வரும், வேண்டாம்” என்று ஒதுங்கும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. இது பாதிதான் சரி. 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் நான்கு பிரிவுகள். அவற்றில் வட்டி மானியப் பிரிவு கடனோடு கட்டப்பட்டது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். மானியம் வந்தாலும் வட்டிக் கடன் வட்டிக் கடன்தான். அதை நாங்களும் சொல்ல மாட்டோம்.

சொந்த மனையில் நாமே கட்டும் பிரிவு வேறு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாதவர்களுக்கு மத்திய அரசு 1.50 லட்சம் தருகிறது. மாநில அரசின் பங்கு தனி. வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கணக்கில் வரும், திருப்பித் தர வேண்டாம். ஆதார், வருமானச் சான்று, மனைப் பத்திரத்துடன் மாநகராட்சியில் கேளுங்கள்.

தடை பெரும்பாலும் பத்திரம்தான். தாத்தா பெயரிலேயே கிடக்கும் மனைக்கு விண்ணப்பம் நகராது. ஷரீஅத்படி சகோதரிகளின் பங்கையும் கொடுத்து, பாகம் பிரித்து முதலில் பதிவு செய்யுங்கள். (அந்தப் பங்கை மறப்பவர்கள் நம்மிலும் உண்டு.)

கட்டிய வீட்டைக் காப்பது அடுத்தது. 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் இறந்தார்கள். வெள்ளம், தீ, மண்சரிவுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டை 2021 ஏப்ரல் முதல் அரசுக் காப்பீட்டு நிறுவனங்களும் தருகின்றன; மனை விலை அதில் சேராது. காப்பீடு கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாமிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.