சோபாவும் மெத்தையும்: நெருப்பு ஜாக்கிரதை!



முன்னெல்லாம் நம்ம வீடுகளில் கோரைப்பாய், கயிற்றுக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தைதான். இப்போ தவணையில் சோபா, ஃபோம் மெத்தை எல்லாம் வந்தாச்சு. வாங்கும்போது விலை கேட்கிறோம், நிறம் பார்க்கிறோம். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறோமா?

பஞ்சு மெத்தையில் பொறி விழுந்தால் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே கனிந்து புகையும். ஃபோம் என்பது ஒருவகை பிளாஸ்டிக் நுரை. அதில் தீப்பற்றினால் சில நிமிடங்களில் அறை முழுக்கப் பரவிவிடும். அதன் கறும்புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷவாயுக்கள் உண்டு. தீ சுடுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும்.

1979-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு கடையில் அடுக்கியிருந்த ஃபோம் சோபாக்கள் எரிந்து 10 பேர் இறந்தார்கள். 1988-இல் அந்த நாட்டில் சோபா, மெத்தைகளுக்குத் தீப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்காக ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனங்களைக் கலந்தார்கள்.

அப்போ ரசாயனம் கலந்த மெத்தை வாங்கினால் போதுமா? போதாது. ரசாயனம் தீப்பற்றுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பெரிய நெருப்பில் அதுவும் எரியும். மேலும், இவற்றில் சில வீட்டுத் தூசியில் கலந்து நம் உடம்புக்குள் போகின்றன. தாய்ப்பாலில்கூட இருப்பது வெளிநாட்டுப் பரிசோதனைகளில் தெரிந்தது. அப்படிப்பட்ட சிலவற்றை இந்தியா 2018-இல் தடை செய்தது.

ஆகவே நம்ம கவனம்தான் முதல் பாதுகாப்பு.

• கொசுவர்த்தி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கட்டில், சோபா பக்கத்தில் வேண்டாம்.
• படுத்துக்கொண்டு பீடி, சிகரெட் பிடிக்க யாரையும் விடக்கூடாது.
• செல்போனை மெத்தை, தலையணை மேல் வைத்து சார்ஜ் போடக்கூடாது.
• உறை கிழிந்து ஃபோம் தெரிந்தால் உடனே தைத்துவிட வேண்டும்.
• வாசலை மறித்து சோபா போடக்கூடாது.
• பஞ்சு மெத்தைத் தீ அணைந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கனல் இருக்கும். வெளியே போட்டு, நன்றாக நனைக்க வேண்டும்.

ஃபோமில் தீப்பிடித்துவிட்டால், பொருளை எடுக்க நிற்க வேண்டாம். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு, புகைக்குக் கீழே குனிந்து, தவழ்ந்து வெளியேறுவோம். கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-க்கு போன் செய்வோம். மறுபடி உள்ளே போகவே கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவரையொருவர் கேட்போம்: "ராத்திரி உங்க வீட்டில் கொசுவர்த்தி எங்கே எரியுது?" சோபா போனால் இன்னொரு கடன் போட்டு வாங்கலாம். உயிர் போனால் எந்தக் கடனிலும் வாங்க முடியாது.