ரிஷிவந்தியம் பக்கம் இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் நெல், கரும்பு, மக்காச்சோளம், உளுந்து. மேற்கே கல்வராயன் மலையில் சாமை, தினை, மரவள்ளி. ரசாயன உரத்தை விட்டவர்கள் இரண்டாம் வருஷமே யூரியாவுக்குத் திரும்புவதும் நடக்கிறது. பூச்சி மட்டும் காரணமில்லை. விளைச்சல் குறையும் வருஷங்களைத் தாங்கக் கையில் பணமும், விளைந்ததை விற்க இடமும் இல்லாததுதான் பெரிய காரணம்.

செய்ய வேண்டியவை

1. ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். மீதி நிலம் வழக்கம்போல் ஓடட்டும்; குடும்பச் செலவுக்கு அது வேண்டும்.

2. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். 45 நாள் வாக்கில், பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். தண்டு முற்றினால் மக்க நாளாகும்.

3. விதை நேர்த்தியைத் தள்ளிப்போடாதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்தால் குலைநோய்த் தொல்லை குறையும். பூச்சிக்கு, 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி மாலையில் தெளியுங்கள்.

4. பக்கத்து வயலுக்கு எதிரே வரப்பை உயர்த்துங்கள். அந்த வயல் தண்ணீர் உங்கள் வயலில் வடியக்கூடாது. காற்றில் மருந்து வந்து படியும் ஓரத்தில் நான்கைந்து வரிசையைத் தனியாக அறுத்து, சாதாரண நெல்லாக விற்றுவிடுங்கள்.

5. நோட்டுப் போடுங்கள். விதை எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் என்ன இட்டது, எத்தனை மூட்டை கண்டது: எல்லாம் அதில் இருக்கட்டும். விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையில் பதிந்தால் இதைத்தான் கேட்பார்கள். தேசிய அங்கக உற்பத்தித் திட்டப்படி ஓராண்டுப் பயிருக்கு 2 வருஷம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருஷம் மாறுதல் காலம். தனியாகச் செலவு கட்டாவிட்டால், ஊரில் ஐந்து பேராவது சேர்ந்து பிஜிஎஸ் என்னும் பங்கேற்பு உறுதி முறையில் குழுச் சான்று பெறலாம்.

6. விதைக்கும் முன்பே வாங்குபவரைப் பிடியுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்றுதான் விலை. இயற்கை நெல்லுக்குத் தனி விலை இல்லை. அரிசியாக்கி நேரே விற்பதானால், அரவைக்கூலியும் வண்டி வாடகையும் சேர்த்து விலை வையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் பஞ்சகவ்யம் ஊற்றாதீர்கள். அடியில் தங்கிய மிச்சம் பயிரைக் கருக்கிவிடும். தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி போதும்.

2. காலி யூரியா சாக்கில் நெல் பிடிக்காதீர்கள். சாக்கைப் பார்த்ததுமே வாங்க வந்தவர் திரும்பிப் போவார். அறுவடை இயந்திரம் அடுத்தவர் வயலிலிருந்து நேரே வந்தால், முதலில் கொட்டும் நெல்லைத் தனியே வையுங்கள்.

3. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று பெயரைக் கேட்டதும் இறங்காதீர்கள். இவை உயரமாக வளர்ந்து, மழைக் காற்றில் சாயும். வயலில் நிற்கும் நாளும் அதிகம். கடைசித் தண்ணீருக்குக் கிணறு கைகொடுக்குமா என்று பார்த்த பிறகே ரகத்தை முடிவு செய்யுங்கள்.

4. விலை நன்றாக இருக்கிறதே என்று கோதுமைக்கு ஆசைப்படாதீர்கள். மணி பிடிக்கும் நேரத்தில் அதற்குக் குளிர் வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகள் அதற்கு ஏற்றவை. கோதுமை ஆராய்ச்சி நிலையமும் அங்கே வெலிங்டனில்தான் இருக்கிறது. மானாவாரி நிலம் இருந்தால் சாமையும் தினையும் போதும்.

5. சான்று இல்லாமல் ஜைவிக் பாரத் போன்ற அரசின் இயற்கை உணவு முத்திரையை ஒட்டாதீர்கள். வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு; முத்திரைக்கு விலக்கு இல்லை.

6. பக்கத்து வயல் மூட்டைக் கணக்கைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். மூட்டை குறையும்; உரக்கடைப் பாக்கியும் குறையும். இரண்டையும் நோட்டில் எழுதிக் கழித்துப் பாருங்கள். அப்படியும் நஷ்டம் வந்தால், அது சரியாகும்வரை இரண்டாவது ஏக்கரைத் தொடாதீர்கள்.