பிரதிநிதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

பள்ளிப் படிப்பை இடைநடுவில் விட்ட ஒருவர் நாற்பது வயதில் மறுபடியும் புத்தகத்தைக் கையிலெடுப்பது இலேசான காரியமன்று. பகலெல்லாம் வேலை, இரவில் வகுப்பு. அந்த வகுப்பும் மூடப்படுமென்றால் அவர் யாரிடம் முறையிடுவார்?

ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்வி 2025ஆம் ஆண்டில் எழுந்தது. அங்கே வளர்ந்தோர் கல்விக்கெனத் தனிச் சட்டம் 1966இல் பிறந்தது. இப்போது 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களுக்கு நிதி செல்கின்றது. பதினாறு வயது நிறைந்து, பாடசாலையிற் சேராதிருப்போர் எழுத்தும் கணக்கும் கற்கவும், குடியேறியோர் ஆங்கிலம் பயிலவும் அது உதவுகின்றது. 2025 ஜூலை 1இல் கிடைக்கவேண்டிய பணத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்து, மாத இறுதியிலேதான் விடுவித்தது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இந்நிதியை அடியோடு நீக்கவும் ஜனாதிபதியின் நிர்வாகம் பிரேரித்தது.

ஆனால் பணத்தை ஒதுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே உரியது. எனவே மாணவரும் ஆசிரியரும் தொலைபேசியை நாடுகின்றனர். மாநிலமொன்றில் வசிப்பவருக்கு இரண்டு செனற்றர்களும் ஒரு சபைப் பிரதிநிதியும் உண்டு. அடுத்த தொகுதியின் பிரதிநிதியை அழைப்பதாற் பெரும் பயனில்லை.

அழைப்பை எடுப்பவர் பெரும்பாலும் இளவயது உதவியாளர். அவர் பெயரையும் தபாற் குறியீட்டையும் கேட்பார். நீங்கள் அத்தொகுதியினரா என்றறியவே இது. சொல்வதைக் குறித்து, எத்தனை பேர் எதன் சார்பில் அழைத்தனர் என்று கணக்கிட்டு மேலே அனுப்புவார். அவரோடு வாதாடுவது வீண். "வளர்ந்தோர் கல்வி நிதியைக் குறைக்கவேண்டாம்" என்ற ஒரே வேண்டுகோளும், அதன் பின்னே சொந்த அனுபவம் ஒன்றும் போதும். மகளின் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தை முதன்முறையாகத் தானே வாசித்த தாயின் கதை, புள்ளிவிபரத்தைவிட மனதில் நிற்கும். வாக்குரிமை இல்லாதவரும் தொகுதியில் வசிப்பவராயின் பேசலாம். இது பலருக்குத் தெரிவதில்லை!

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மத்திய அரசின் மானியத்தில் ஊதியம் பெறும் நேரத்தில் இத்தகைய அழைப்புக் கூடாது. வேலை முடிந்தபின், சொந்தத் தொலைபேசியிற் பேசலாம்.

ஆங்கிலம் தடுமாறுவோர் நாலு வரியை எழுதி, இரண்டு தடவை உரக்க வாசித்தபின் இலக்கத்தைச் சுழற்றுவது நல்லது. அலுவலகம் மூடியிருந்தால் ஒலிப்பதிவுக் கருவி பேசும். அதனிடமும் பெயர், ஊர், வேண்டுகோள் மூன்றையும் சொல்லி வைக்கலாம்.