காலியான படுக்கை யாருக்கு இலாபம்?

நீரிழிவு உள்ள ஒரு முதியவர் மருந்தைத் தவறாது உட்கொண்டு, உரிய காலத்தில் பரிசோதனையும் செய்துகொண்டு, ஓராண்டு முழுவதும் மருத்துவமனையில் சேராமல் இருக்கிறார். அவருக்கு அது நன்மை. ஆனால் அவ்வூர்ச் சிறு மருத்துவமனைக்கு அதனால் வருவாய் குறைகிறது. இம்முரணைத் தீர்க்க அமெரிக்கா மேற்கொண்ட ஒரு முயற்சியை இப்பாடத்தில் காண்போம்.

அந்நாட்டு முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர் ஆகும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2012 முதல் அதில் சேமிப்புப் பகிர்வுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மருத்துவர்களும் மருத்துவமனைகளும் ஒரு குழுவாக இணைந்து, குறைந்தது 5,000 பயனாளிகளின் நலனுக்குப் பொறுப்பேற்கின்றனர். அவர்களுக்கு ஆகக்கூடிய ஆண்டுச் செலவு முன்னதாகவே மதிப்பிடப்படுகிறது. தரம் குன்றாமல், உண்மைச் செலவு அம்மதிப்பீட்டைவிடப் போதிய அளவு குறைந்தால், மிச்சத்தில் ஒரு பங்கு குழுவைச் சேரும்.

இத்திட்டம் சிற்றூர்களில் எவ்வாறு செயல்படுகிறது? அங்குள்ள பல மருத்துவமனைகள் ‘கிரிட்டிகல் அக்சஸ்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் 25 படுக்கைகளுக்கு மேல் இருத்தல் ஆகாது. ஆயினும் அவசர சிகிச்சை இரவும் பகலும் கிடைக்க வேண்டும். நோயாளர் குறைந்தாலும் இரவுப் பணிச் செவிலியரின் ஊதியமும் ஆய்வகச் செலவும் குறைவதில்லை. சேமிப்பின் பங்கோ, ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்த பின்னரே வரும். அதற்குள் பராமரிப்பை ஒருங்கிணைக்கும் செவிலியரையும் கணினி வசதியையும் அமர்த்த முதலீடு தேவை.

இதை உணர்ந்த மெடிகேர், ஊரகக் குழுக்கள் சிலவற்றுக்கு முன்பணம் வழங்கியது. அவற்றின் முதலாண்டுச் செயல்பாட்டை ஆராய்ந்தபோது, மெடிகேரின் செலவும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் குறைந்திருந்தன. பென்சில்வேனியா மாநிலம் 2019இல் வேறொரு வழியைத் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த ஊரக மருத்துவமனைகளுக்கு, நோயாளர் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும், முன்பே வகுத்த ஆண்டுத் தொகை அளிக்கப்பட்டது.

இவற்றால் அறியப்படுவது ஒன்று: நோயைத் தடுத்த மருத்துவமனைக்கு அதன் பயன் திரும்பி வர வேண்டும். வராவிடில் அது மூடப்படும் நிலை நேரலாம். அப்போது, மாரடைப்பு நேர்ந்தவர் நெடுந்தொலைவு கடந்தே சிகிச்சை பெற இயலும். சேமித்த பணத்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய முடியாது.

நோயாளரும் குடும்பத்தினரும் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். இத்திட்டத்தில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயனாளியிடமே உள்ளது. சிக்கனத்திற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இதன் நோக்கமன்று. வீடு திரும்பியபின் குறித்த நாளில் மருத்துவரைக் காண்பதும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உடன் கொண்டுசெல்வதும், மூச்சுத்திணறல், கால் வீக்கம் போன்ற அறிகுறிகளை உடனே தெரிவிப்பதுமே உண்மையான சேமிப்பின் தொடக்கம்.