பூகா வெந்நீர்ப் பள்ளத்தாக்கு

வெந்நீர் ஊறுமிடத்தில் எரிமலை உறங்குமென்பது நம்மிற் பலர் துணிபு. லடாக்கிலுள்ள பூகாவை ஆராயுங்கால் அத்துணிபு தளர்கின்றது. சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள அப்பள்ளத்தாக்கின் ஊற்றுக்களுட் சில 84 டிகிரி வெப்பமுடையன. காற்றழுத்தங் குறைந்த அவ்வுயரத்தில் நீர் கொதித்தற்கு ஏறத்தாழ அவ்வளவே போதும். ஊற்றருகே கந்தகமும் வெண்காரமும் படிந்துள்ளன.

அங்கே எரிமலை இருந்ததே இல்லையோவெனின், இருந்தது; ஆனால் கடலுக்கடியில். இந்திய நிலத்திற்கும் ஆசிய நிலத்திற்கும் இடையே பரந்திருந்த தெத்திஸ் என்னுங் கடலின் தரையில் வெளிப்பட்ட எரிகுழம்பு, நீர்பட்டவுடன் தலையணைகளை அடுக்கினாற்போல உறைந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகட்கு முன் இரு நிலங்களும் மோதத் தொடங்கின. அப்பாறைகளும் மேலே தள்ளப்பட்டன. பூகாவிற்கு அணித்தாகிய நிடார்ப் பகுதியில் அவற்றை இன்றுங் காணலாம். அவை ஆறிப் பல கோடி ஆண்டுகளாயினமையின், இன்றைய வெப்பம் அவற்றினதன்று. மோதலாற் பூமியின் மேலோடு மிகத் தடித்தமையும், பிற்காலத்தில் ஆழத்தே புகுந்து இன்னும் ஆறி முடியாத கருங்கற்குழம்புமே காரணமென நிலநூலார் கருதுவர். பனியுருகிய நீர் பிளவுகளின் வழியே இறங்கிச் சூடேறி மீள்கின்றது. நம் ஏனாத்தூர்ப் பக்கத்து அடிப்பாறையோ 250 கோடி ஆண்டு முதுமையது. அதன் சூடு என்றோ தணிந்தது. நம் கிணறுகளிற் கந்தகநாற்றம் வீசாமைக்கு அம்முதுமையை யாம் வாழ்த்தலாம்.

1970-களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் பூகாவிற் குழாய்த்துளைகளிட்டு நீராவி கண்டனர். மின்னாற்றல் எடுத்தற்கு 2021-இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் லடாக் ஆட்சியினருடன் உடன்படிக்கை செய்தது. கடுங்குளிரில் டீசலை எரித்து வாழும் ஊர்கட்கு இது பெரும்பேறே. ஆயினும் பாறையின் வெப்பம் வேறு, ஊற்றின் நீர் வேறு. இறங்கும் நீரினும் மிகுதியாக எடுத்து, எடுத்ததை மீண்டும் உட்செலுத்தாது விடின், அடியில் வெப்பமிருப்பவே ஊற்றுக்கள் வற்றிவிடும்.